கோணமலையில் கயல்: முத்து வாணிகமும் கடலாட்சியும்

அன்புவழிபுரத்திலிருந்து கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் நாம் அனைவரும் பிரெடறிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே மலையேறுகின்றோம். அவ்வாயிற் கல்லிலே இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கையில் அருச்சனைத் தட்டும் மனத்தில் வேண்டுதலுமாக விரைந்து செல்லும் நாம் அவற்றைக் கண்டும் காணாதவர்போற் போய்விடுகின்றோம். அம்மீன்கள் அங்கு வந்தது எவ்வாறு? கடலுக்கு அப்பால் மதுரையில் இருந்த பாண்டியனின் கயல் இலச்சினை, நமது கோணமாமலையில் ஏறவேண்டிய காரணம் யாது?

இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், நாம் முத்தினிடத்தே வந்து நிற்கின்றோம். திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய திருக்கோணமலைப் பதிகத்தின் முதற் பாட்டிலேயே கடலலை முத்தைக் கொண்டுவந்து கரையிற் கொழிக்கின்றது. சிறுவயது முதலே அதனைப் பாடி வருகின்றோம். ஆயினும், நாம் கற்ற மிஷன் பாடசாலையின் சரித்திர வகுப்பிலே கடலாட்சி என்னும் பாடம் 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியதோடுதான் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஐந்நூறு ஆண்டுகள் இக்கடல் யாருமற்ற வெறுங்கடலாகக் கிடந்ததோ என்ற ஐயம் அன்றே நம் உள்ளத்தில் எழுந்தது. பல்கலைக்கழகத்திற் புகுந்து சாசனங்களையும் வெளிநாட்டு யாத்திரிகர் குறிப்புகளையும் புரட்டிய பின்னரே அவ்வையம் தீர்ந்தது. அங்கு கண்டவற்றை நம் சங்கத்து இளைஞர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்து விளையும் கடல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெயர்பெற்ற முத்து விளைந்தது நமது திருகோணமலைக் கடலிலன்று. இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் பாண்டி நாட்டுக் கரைக்கும் இடைப்பட்ட மன்னார்க் குடாக்கடலிலாகும். அப்பக்கத்திற் கொற்கையும் காயலும், இப்பக்கத்தில் மாதோட்டமும் அரிப்பும் சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியும் அக்கடலைப் பார்த்திருந்தன. நமது தம்பலகாமக் குடாவிலும் கண்ணாடிபோல் மெலிந்த தட்டைச் சிப்பி ஒருவகை உண்டு; 19ஆம் நூற்றாண்டில் அதனை எடுத்தும் சிறு முத்துகள் சேர்த்தனர். ஆயினும் அம்முத்து மன்னார் முத்தின் ஒளிக்கு ஈடாகாது.

மன்னார்க் கடலின் அடியிலே பாறையும் மணலுமாய்ப் பரந்து கிடக்கும் மேடுகளைப் 'பார்' என்பர். அவற்றிற் சிப்பிகள் ஒட்டி வளரும். குஞ்சுச் சிப்பி முற்றி முத்துத் தருவதற்கு நாலைந்து ஆண்டுகள் வேண்டும். முந்திப் பறித்தால் முத்து இராது. பிந்தினாலோ சிப்பி தானே மடிந்துவிடும். சில வேளை நீரோட்டம் மாறி, பார் முழுவதும் ஒரே ஆண்டில் வெறுமையாகிவிடுவதும் உண்டு. ஆகவே முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடப்பதொன்றன்று. கடல் அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில், பார் முற்றிய ஆண்டில் மட்டுமே நடக்கும். பொறுத்திருக்கத் தெரிந்தவனுக்கே கடல் கொடுக்கும் செல்வம் அது.

குளியாள் காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்குவான். ஒரு நிமிடமோ சற்று அதிகமோ மூச்சடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப்போட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியில் நிற்பவன் மேலே தூக்குவான். இவ்வாறு ஒரு நாளிற் பன்முறை. சுறாமீனின் அச்சம் எப்போதும் உண்டு. அதற்காகக் 'கடல்கட்டி' எனப்படுவோர் மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டுவர் என்பது நம்பிக்கை. 1290களில் இவ்வழி சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இதனை எழுதிவைத்துள்ளார். எடுத்த முத்திற் பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு மந்திரக்காரருக்கும் சேரும் என்கின்றார். பகலிற் கட்டிய மந்திரத்தை அவர்கள் மாலையில் அவிழ்த்துவிடுவராம். இரவிலே திருடர் இறங்கிக் குளியாமல் இருக்க வேண்டுமன்றோ! மந்திரம் பலித்ததோ இல்லையோ, அது காவலுக்கும் பயன்பட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பத்திலொரு பங்கு. அதனைப் பெறும் அரசன் எவன் என்பதே, ஐந்நூறு ஆண்டுகள் இக்கடலில் நடந்த போர்களுக்குள்ளே மறைந்திருந்த கேள்விகளில் ஒன்று.

சோழரின் கடல்

முதலாம் இராசராச சோழன் 993ஆம் ஆண்டளவில் இலங்கையின் வடபகுதியை வென்றான். அவன் மகன் இராசேந்திரன் 1017இல் தீவு முழுவதையும் தன் ஆணைக்குட் கொண்டுவந்தான். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றும்வரை அவ்வாட்சி நிலைத்தது. பாண்டி நாட்டையும் இலங்கையையும் ஒருசேரப் பிடித்தபோது, முத்து விளையும் கடலின் இரு கரையும் ஒரே முடியின்கீழ் வந்தன. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. சோழமண்டலத்திலிருந்து வந்த தாழி குமரன் என்னும் அதிகாரி அங்கே இராசராச ஈச்சரம் என்ற சிவாலயத்தை எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகின்றது.

அக்கடலின் முத்து எத்துணை நுட்பமாக மதிக்கப்பட்டது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிற் காணலாம். இறைவனுக்கு அளித்த அணிகலன்களிலுள்ள முத்துகளை எண்ணி, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்து, அவற்றின் இனத்தையும் பிரித்தெழுதியுள்ளனர். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று அப்பட்டியல் நீள்கின்றது. உருண்டையும் கோணலும், ஒட்டிப் பிறந்ததும் நிறம் மாறியதும் ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெற்றிருந்தன. பெயர்கள் இவ்வாறு பெருகியிருப்பதொன்றே வாணிகம் முதிர்ந்திருந்தமைக்குச் சான்று.

இம்முத்து கோயிலோடு நிற்கவில்லை. 1015ஆம் ஆண்டில் சீனப் பேரரசனின் அவையை அடைந்த சோழத் தூதுக்குழு முத்துகளையும் யானைத் தந்தங்களையும் காணிக்கையாக வைத்தது. 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. வாணிகரோ அரசரின் படையோடு மட்டும் சென்றாரல்லர். 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் கணத்தார் தமக்கெனக் காவல்வீரரை வைத்துக்கொண்டு நாடு பல சென்றனர். அவர்தம் தமிழ்ச் சாசனம் ஒன்று 1088ஆம் ஆண்டிற் சுமாத்திராத் தீவின் பாருசுப் பகுதியில் நாட்டப்பட்டது. நம் மாவட்டத்துக்கு அணித்தேயுள்ள பதவியாவிலும் வாகல்கடையிலும் அக்கணத்தாரின் தமிழ்ச் சாசனங்கள் கிடைத்துள்ளன. எனவே, கீழைக்கரை அவ்வணிகருக்கு அந்நியமானதன்று.

ஓர் அரசனின் நீதி

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) கடலின் மதிப்பை நன்கறிந்தவன். பர்மாவின்மேல் அவன் அனுப்பிய கப்பற்படை பல்லவவங்கம் என்னும் துறையிலிருந்து புறப்பட்டதெனச் சூளவம்சம் கூறும். அத்துறை திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரையில் இருந்ததென்பது ஆய்வாளர் கருத்து. பாண்டி நாட்டின்மேலும் அவன் படை சென்றது.

ஆயினும் அவன் வெற்றிகள் எல்லாவற்றினும் நம் நெஞ்சைக் கவர்வது வேறொன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் அவனது சாசனம் ஒன்று இருக்கின்றது. அது தமிழில் எழுதப்பட்டது. சிங்கள மன்னன் ஒருவன் கடல்வழி வரும் வணிகர்க்குத் தமிழிலே ஆணை பிறப்பித்தான் என்பதை இக்காலத்து இளைஞர் ஊன்றி நினைத்தல் வேண்டும். வெளிநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்று அது தொடங்குகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்துக்குரியது. மூன்று பங்கு உடையவனுக்கே. வேறு பண்டம் ஏற்றிய கலம் உடைந்தாற் சரிபாதி அரசனுக்கு, சரிபாதி உடையவனுக்கு.

அக்காலத்திற் பல கரைகளிலே ஒதுங்கிய கலம் கண்டவனுக்கே சொந்தம் என்பது வழக்கம். கரையில் உடைந்த கலத்தின் பண்டத்தை அள்ளிக்கொள்ளுதல் எளிது. ஆனால் ஒருமுறை அள்ளியவன் துறைக்கு மறுமுறை எவன் கலம் வரும்? அரசன் தன் பங்குக்கு ஓர் எல்லை வகுத்து அதனைக் கல்லில் எழுதுவித்தான். அவ்வெல்லையே துறைமுகத்தின் மூலதனம் ஆயிற்று.

கயல் ஏறிய மலை

இனி நமது கோட்டை வாயிலுக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பொலன்னறுவை வீழ்ந்தது. 1247ஆம் ஆண்டில், மலாயாத் தீபகற்பத்துத் தாம்பரலிங்க நாட்டு அரசன் சந்திரபானு தன் சாவகப் படையோடு இலங்கையில் வந்திறங்கினான். பின்னர் வடபகுதியில் அவன் ஆட்சி வேரூன்றிற்று. கீழ்க்கடலிலிருந்து வந்த ஓர் அரசன் முத்துக் கடலின் விளிம்பில் அமர்ந்திருப்பதைப் பாண்டியர் பொறுப்பரோ? 1258ஆம் ஆண்டளவிற் சடையவர்மன் சுந்தரபாண்டியன் அவனிடம் மணியும் யானையும் திறையாகப் பெற்றான். அவன் மீண்டும் பணிய மறுக்கவே, 1263ஆம் ஆண்டளவிற் சடையவர்மன் வீரபாண்டியன் படையெடுத்து அவனைக் கொன்றான். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைச் சாசனம் இவ்வெற்றியைக் கூறுகையில், கோணமலையிலும் திரிகூடகிரியிலும் இணைக்கயல் பொறிக்கப்பட்டதாகச் சொல்கின்றது. நம் கோட்டை வாயிலில் இருப்பது அக்கயலே எனக் கருதுவோர் பலர்.

முத்து விளைவது மேற்கே. இலச்சினை பொறித்ததோ கிழக்கே. இஃது ஏன்? கீழைத்தேசத்துக் கலங்கள் வரும் வழியைப் பார்த்திருப்பது திருகோணமலை. எக்காற்றுக்கும் ஒதுங்கத்தக்க ஆழமான இயற்கைத் துறைமுகம் இது. கிழக்கே இத்துறையைப் பகைவனிடம் விட்டுவிட்டு மேற்கே முத்துப் பாரைக் காத்தல், பின்கதவைத் திறந்து வைத்து முன்கதவைப் பூட்டுவது போலாகும். ஆதலின், கோணமலைக் கயல் ஒரு வெற்றிச் சின்னம் மட்டுமன்று. 'இவ்வழி எம் காவலில் உள்ளது' என்னும் அறிவிப்புமாகும் என்பது நம் கருத்து.

பாண்டியர் அவ்வழியால் வந்த செல்வத்தை என்ன செய்தனர்? முத்து மேற்கே போயிற்று. பாரசீகக் குடாவிலிருந்து குதிரை வந்தது. கீசுத் தீவின் வணிகத் தலைவன் சமாலுத்தீனோடு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளுக்கு ஒப்பந்தம் இருந்ததென்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு எழுதுகின்றார். வளர்க்கும் முறை அறியாமையால் அக்குதிரைகள் விரைவில் மடிந்தன, மறு ஆண்டு மீண்டும் வாங்கினர் என்று அவரும் மார்க்கோ போலோவும் சொல்கின்றனர். குளியாள் மூச்சடக்கி எடுத்த முத்து, கொட்டிலிற் செத்துவிழும் குதிரையாயிற்று.

இதற்கிடையே யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, 1283ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுச் சுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பினான். தன்னிடம் முத்தும் மணியும் யானையும் கறுவாவும் உண்டு, கலங்களும் உண்டு, நேரே வாணிகம் செய்வோம் என்பது தூதின் சாரம். சில ஆண்டுகளுக்குள்ளே பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் சேனாபதி ஆரியச் சக்கரவர்த்தி யாப்பகூவையைத் தாக்கிப் புனித தந்தத்தைப் பாண்டி நாட்டுக்குக் கொண்டுசென்றான். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, போரின் பின்னணியில் வாணிகமும் நின்றதோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பாண்டியரின் செழிப்பும் நிலைக்கவில்லை. அரசுரிமைப் பூசலில் உடன்பிறந்தார் மோத, 1311இல் மாலிக் கபூரின் படை மதுரையிற் புகுந்தது. ஆயிரமாயிரமாய் வாங்கிய குதிரைகள் அன்று கைகொடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்துச் சேதுகாவலர்

பாண்டியர் தளர்ந்தபோது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தனியரசராயினர். சேதுகாவலர் என்பது அவர்கள் பூண்ட விருது. 'சேது' என்னும் சொல்லையும் நந்தியையும் தம் நாணயத்திற் பொறித்தனர். 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதாவின் கலம் காற்றினால் அலைக்கப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தது. புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தான். பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான். தன் முன்னே குவிந்திருந்த முத்துகளைக் காட்டி, இவற்றினும் சிறந்தவற்றை எங்கேனும் கண்டதுண்டோ என வினவினான். சிவனொளிபாத மலைக்குச் செல்லத் துணையாட்களையும் கொடுத்தனுப்பினான். அவ்வரசனுடைய கலங்கள் பெரிதும் சிறிதுமாக நூறு வந்திருந்ததை மஃபர் எனப்பட்ட பாண்டிக் கரையிலே தாம் கண்டதாகவும் இபன் பதூதா குறிப்பிடுகின்றார்.

இதனைப் படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்கின்றது. ஆனால் அதே பக்கத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. கரை தோன்றியபோது கலத்திலிருந்த மாலுமிகள் மகிழவில்லை, அஞ்சினர். அவ்வரசனின் கலங்கள் கடலிற் கொள்ளையிடும், வணிகர் அத்துறையில் அச்சமின்றிப் புகமுடியாது என்றனர். நம்மவன் என்பதற்காக முதற் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டாவதை மறைத்துவிடுதல் வரலாறாகாது. வந்தாரைக் காக்க ஆணையிட்ட நயினாதீவுக் கல்லையும், வந்தார் அஞ்சிய இக்குறிப்பையும் ஒருங்கே வைத்துச் சிந்தித்தலே நேர்மை.

அதன்பின் இக்கடலுக்கு வந்தவருள் சீனத் தளபதி செங் ஹோ ஒருவர். 1409ஆம் ஆண்டு தேதியிட்டு அவர் கொணர்ந்த கல் 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் உள்ளது. அதன் தமிழ்ப்பகுதி தேவேந்திரமுனைத் தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. இலங்கைக் கடலில் வாணிகம் செய்வோர்க்குத் தமிழ் பொதுமொழியாய் இருந்ததை இதனினும் தெளிவாக எதுவும் சொல்லாது.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். 1560இல் மன்னாரைப் பிடித்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசை முடித்தனர். 1620களின் முற்பகுதியில் நமது கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். காவல் மொழி பேசிய கயல் அன்றுமுதல் அந்நியன் வாயிலிலே கல்லோடு கல்லாயிற்று. முத்துப் பாருக்கும் நல்ல காலம் வரவில்லை. 1905இல் மிகப் பெரிய சலாபம் ஒன்று நடந்தது. அதில் ஆசை கொண்ட இலண்டன் கம்பனி ஒன்று மறு ஆண்டே இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாகக் கம்பனியும் நொடித்தது.

நாம் கற்பது யாது?

முத்தைப் பெற்றவர் அனைவரும் செல்வராயினர். ஆனால் வழியைக் காத்து, வந்தவனுக்கு நீதி செய்து, எடுப்பதற்கு எல்லை வகுத்தவரின் பெயரே கடலோர்க்கு நம்பிக்கை தந்தது. எல்லை மீறி எடுத்தவர்க்குக் குதிரையும் மிஞ்சவில்லை; குத்தகையும் மிஞ்சவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் இன்றும் பல நாடுகளின் கண் இருக்கின்றது. அதன் கரையில் வாழும் நமக்கு இவ்வரலாறு பழங்கதையாக மட்டும் இருத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. தஞ்சைக் கல்வெட்டு முத்தின் இனங்களைப் பெயர் பெயராகச் சொல்கின்றது. கொடுத்த மன்னனின் பெயரையும் சொல்கின்றது. கடலடியில் இறங்கி அம்முத்தை எடுத்தவன் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஆங்கிலேயர் காலச் சலாபத்திலும் மூன்றிலொரு பங்கு சிப்பியே குளியாட்களுக்குக் கிடைத்தது. கடலாட்சி என்று பெருமை பேசுங்கால், காலிற் கல்லும் நெஞ்சில் மூச்சுமாக இறங்கிய அம்மனிதனையும் நாம் நினைத்தல் கடன்.

1963ஆம் ஆண்டில் கோணேசர் ஆலயம் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. இடித்த கற்கள் கோட்டையில் இருக்க, பக்தி மட்டும் மலைக்குத் திரும்பி வந்தது. சங்கத்து இளைஞர்களே! அடுத்தமுறை கோட்டை வாயிலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று அவ்விரு மீன்களையும் பாருங்கள். உடன் வரும் தம்பி தங்கையர்க்கும் காட்டுங்கள். பிழை காணும் பெரியோர் பொறுத்துத் திருத்துவாராக. கோணேசப் பெருமானின் திருவருள் நம் கடலையும் கரையையும் காப்பதாக!